இனிப்பில்லாத சைடர்: சிறிய அளவில் செய்து விற்க நினைப்பவருக்கு

முதல் ஆண்டில் செய்யும் சைடரை, அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்துச் செய்யும் மதுவை, யாருக்கும் விற்காதீர்கள். இங்கிலாந்தின் மேற்கே, சாமர்செட்டிலோ ஹெரிஃபோர்ட்ஷையரிலோ, ஒரு ஆப்பிள் தோட்டத்தின் ஓரத்தில் சிறிய கொட்டகை போட்டு இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். கடைகளில் டின்னில் விற்கும் சைடர் பெரும்பாலும் இனிப்பாக இருக்கும். அந்த இனிப்பு பல குறைகளை மறைத்துவிடும். பழத்தின் சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்துபோன பழைய பாணி சைடருக்கு, அதாவது டிரை சைடருக்கு, அந்த மறைப்பு கிடையாது. பழம் சரியில்லை என்றாலும் தெரியும். தொட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்றாலும் தெரியும். அதனால் முதல் ஆண்டு 100 அல்லது 150 லிட்டர் செய்யுங்கள். வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் ஊற்றுங்கள். எங்கே தவறினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

நம் ஊர்க் கள்ளை மனத்தில் வைத்துக்கொண்டு இதை அணுகவும் கூடாது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்துவிடும். அக்டோபரில் பிழிந்த ஆப்பிள் சாறு, குளிர்காலம் முழுவதும் மெல்ல மெல்ல நொதித்து, மரங்கள் மறுபடி பூக்கும் மே மாதத்தில்தான் வாயில் வைக்கத் தகுந்ததாகும். இந்த வேலையில் பாதி காத்திருப்புதான்.

எந்தப் பழம்

டிரை சைடரின் தரத்தில் பெரும்பங்கு, பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கடையில் வாங்கித் தின்னும் ஆப்பிளில் மட்டும் செய்தால் மெல்லிய, புளித்த, பிடிமானம் இல்லாத பானம்தான் கிடைக்கும். அதில் இல்லாதது துவர்ப்பு. தமிழில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு: அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாகவே எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் தின்ற நாக்குக்கு, கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சைடர் ஆப்பிளைச் சுவைத்துப் பார்க்கும்போது இந்தப் பிரித்தறிவு மிகவும் உதவும்.

பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டனில் 1903இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தில் பேராசிரியர் பார்க்கர் சைடர் ஆப்பிள்களை நான்காக வகுத்தார். சாற்றில் அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, துவர்ப்புப் பொருளான டேனின் 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா என்ற இரண்டே கேள்விகள். இரண்டும் குறைவாக இருந்தால் ஸ்வீட். அமிலம் மட்டும் மிகுதி என்றால் ஷார்ப். டேனின் மட்டும் மிகுதி என்றால் பிட்டர்ஸ்வீட். இரண்டும் மிகுதி என்றால் பிட்டர்ஷார்ப். இன்றும் தோட்டக்காரர்கள் இந்தச் சொற்களிலேயே பேசுகிறார்கள். பழம் வாங்கப் போகும் முன் இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

தொடங்குபவருக்கு நான் சொல்லும் பழம் டாபினெட். சாமர்செட்டின் மிடில் லாம்புரூக் ஊரில் தானாக முளைத்த ஒரு கன்றிலிருந்து பரவிய பிட்டர்ஸ்வீட் இது. மென்மையான துவர்ப்பு, நல்ல சர்க்கரை. யார்லிங்டன் மில், ஹாரி மாஸ்டர்ஸ் ஜெர்சி ஆகியவையும் நம்பத் தகுந்தவை. டான்டன் நகரத்தின் அருகிலுள்ள கிங்ஸ்டன் ஊரின் பெயரைத் தாங்கிய கிங்ஸ்டன் பிளாக் பிட்டர்ஷார்ப் வகை. தனியாகவே முழுமையான சைடர் தரக்கூடியது என்று பெயர் பெற்றது. ஆனால் மரம் சீக்குக்கு ஆளாகும், காய்ப்பும் குறைவு, விலையும் கூடுதல். முதல் ஆண்டிலேயே அதைத் தேடி அலைய வேண்டாம்.

பிட்டர்ஸ்வீட் பழங்களின் சிக்கல் அவற்றில் புளிப்பு போதாது என்பது. தனியாகப் பிழிந்தால் சாற்றின் பி.எச். அளவு (இந்த எண் கூடக் கூடப் புளிப்பு குறைவு) 4ஐத் தாண்டிவிடலாம். அப்படிப்பட்ட சாறு எளிதில் கெடும். ஆகவே புளிப்பான பழம் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு நிற்கும் பிராம்லி என்ற சமையல் ஆப்பிள் இதற்குப் போதும். இரண்டு பங்கு டாபினெட்டுக்கு ஒரு பங்கு பிராம்லி என்று தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தோட்டம் இல்லை என்று தயங்க வேண்டாம். குட்டை மரமாக வளர்த்தால்கூடக் காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பழைய பாணி உயர மரம் என்றால் இன்னும் நெடுநாள். அதுவரை பழத்தை வாங்கித்தான் செய்ய வேண்டும். ஜூலை மாதத்திலேயே தோட்டக்காரரிடம் போய்ப் பேசி வையுங்கள். இந்த மரங்களில் பல ஒரு ஆண்டு குலுங்கக் காய்த்து அடுத்த ஆண்டு ஓய்வெடுக்கும். எனவே ஒரே தோட்டத்தை நம்பாமல் இரண்டு மூன்று பேரிடம் பழக்கம் வைத்திருப்பது நல்லது.

பொறுக்குவதும் பிழிவதும்

சைடர் ஆப்பிளை மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழ விட்டு, நீண்ட கழியால் கிளையை உலுக்கி, தரையிலிருந்து பொறுக்குவார்கள். பழைய தோட்டங்களில் ஆடு மேய்வது வழக்கம். பொறுக்குவதற்கு 56 நாட்களுக்கு முன்பே ஆடுகளை வெளியேற்றிவிட வேண்டும். சாணக் கிருமி பழத்தோடு ஆலைக்கு வரக் கூடாது. தோட்டக்காரர் உங்களுக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொறுக்கிய பழத்தை உடனே அரைக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் காற்றோட்டமான இடத்தில் குவித்து வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும், அதுதான் பதம். அடிபட்ட பழம் பரவாயில்லை. பூஞ்சை பிடித்ததையும் உள்ளே அழுகியதையும் இரக்கம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். அழுகல் பூஞ்சை உண்டாக்கும் பாட்டுலின் என்ற நச்சுக்கு ஆப்பிள் சாற்றிலும் சைடரிலும் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. பிறகு நல்ல நீரில் கழுவுங்கள். நல்ல பழம் நீரில் மிதக்கும். மண்ணும் கல்லும் அடியில் தங்கும்.

ஆப்பிளை அப்படியே பிழிய முடியாது. முதலில் துருவலாக அரைக்க வேண்டும். அரைத்ததைத் துணியில் பரப்பி நான்கு புறமும் மடித்து, மேலே மரச்சட்டம் வைத்து, அதன் மேல் அடுத்த துணி என்று அடுக்கிக்கொண்டே போவது பழைய முறை. இந்த அடுக்கை அங்கே சீஸ் என்கிறார்கள். ஒரு காலத்தில் துணிக்குப் பதிலாக வைக்கோல் வைத்து அடுக்கினார்கள். அடுக்கு சாயாமல் நேராக நிற்பதில்தான் திறமை இருக்கிறது. மெதுவாக அழுத்துங்கள். அவசரப்பட்டால் துணி கிழியும். சிறிய அளவுக்கு, குழாய் நீரின் அழுத்தத்தால் ரப்பர்ப் பை உப்பிப் பழத்தைப் பிழியும் இயந்திரமும் கிடைக்கிறது; தனியாளாக வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி. ஒரு டன் பழத்தில் 600 முதல் 700 லிட்டர் வரை சாறு எதிர்பார்க்கலாம். சக்கையைப் பக்கத்துப் பண்ணையின் மாட்டுக்கோ பன்றிக்கோ கொடுத்துவிடுங்கள்.

சாறு படும் எந்தப் பொருளும் துருப்பிடிக்காத எஃகாகவோ மரமாகவோ உணவுத் தரப் பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். இரும்பு பட்டால் டேனினோடு சேர்ந்து சைடர் கறுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஈயம். டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய கொடிய வயிற்றுவலிக்கு, ஆலைகளில் பயன்படுத்திய ஈயமே காரணம் என்று மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767இல் காட்டினார். பழைய ஆலை அழகாக இருக்கிறது என்று ஏலத்தில் வாங்குபவர்கள் அதன் மூட்டுகளையும் பூச்சையும் நன்றாகச் சோதிக்க வேண்டும்.

அளக்க வேண்டிய இரண்டு எண்கள்

சாறு தொட்டியில் விழுந்ததும் இரண்டு எண்களை நோட்டில் எழுதுங்கள்.

முதலாவது, ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி. நல்ல சைடர் ஆப்பிளின் சாறு 1.050க்கும் 1.060க்கும் இடையில் இருக்கும். நொதித்து முடிந்ததும் 1.000 அல்லது அதற்கும் சற்றுக் கீழே இறங்கும். இறங்கிய ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது 0.001க்கும், சுமார் 0.13 சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கு. 1.052இல் தொடங்கி 1.000இல் முடிந்தால் 52ஐ 0.13ஆல் பெருக்குங்கள், 6.8 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும். வெயில் மிகுந்த ஆண்டில் 1.065 வரை ஏறினால் கவனம் தேவை. பிரிட்டனில் 8.5 சதவீதத்தை எட்டினால் அது வரிச்சட்டத்தின் பார்வையில் சைடரே அல்ல.

இரண்டாவது, பி.எச். அளவு. 3.2க்கும் 3.8க்கும் இடையில் இருக்க வேண்டும். கெட்ட நுண்ணுயிர்களை அடக்கச் சேர்க்கும் சல்பைட்டின் அளவு இந்த எண்ணைப் பொறுத்தது. 3.0 முதல் 3.3 வரை லிட்டருக்கு 50 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு, 3.5 வரை 100, 3.8 வரை 150. 3.8ஐத் தாண்டினால் முதலில் புளிப்புச் சாறோ மாலிக் அமிலமோ சேர்த்துக் கீழே கொண்டுவாருங்கள். சல்பைட்டாகச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் தூளின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கந்தக டை ஆக்சைடாக வெளிவரும். ஆகவே 25 லிட்டர் சாற்றுக்கு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் வேண்டும் என்றால் 5 கிராம் தூள். கடையில் கிடைக்கும் கேம்ப்டன் என்ற சல்பைட் மாத்திரை ஒன்று 4.5 லிட்டர் சாற்றுக்கு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் தரும். சாதாரணச் சமையலறைத் தராசு 5 கிராமைச் சரியாகக் காட்டாது. சிறிய நகைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள்.

சல்பைட்டே கூடாது, அதுதான் இயற்கை முறை என்று உறுதியாக இருப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் அருமையான சைடர் செய்கிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் பழத்தையும் கொட்டகையையும் பல ஆண்டுகளாக அறிந்தவர்கள். புதியவர் முதலில் சல்பைட்டோடு செய்து பழகுவதே முறை என்பது என் கருத்து.

குளிர்காலம் முழுவதும்

சல்பைட் சேர்த்து ஒரு நாள் கழித்து, பாக்கெட் ஈஸ்ட் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். விட்டால் முதலில் பழத்தோலில் இருக்கும் க்ளோய்க்கெரா வகை ஈஸ்ட்டுகள் வேலையைத் தொடங்கும். ஆல்கஹால் சற்று ஏறியதும் அவை செத்துவிட, சாக்கரோமைசிஸ் வகை பொறுப்பேற்கும். இந்த இரண்டாவது வகை பழத்தைவிடப் பிழியும் துணியிலும் சட்டத்திலும்தான் அதிகம் குடியிருக்கிறது. பழைய கொட்டகைகளின் சைடருக்குத் தனி மணம் இருப்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் கொட்டகை புதியது என்றால் முதல் ஆண்டில் சாற்றைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒன்றில் ஈஸ்ட் சேர்த்தும் மற்றதில் சேர்க்காமலும் பாருங்கள்.

வெப்பம் 10 முதல் 15 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. முதல் சில நாட்கள் நுரை பொங்கும். தொட்டியின் வாயை முழுவதும் நிரப்பாதீர்கள். நுரை அடங்கியதும் விளிம்புவரை நிரப்பி, வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலும் தடுக்கும் நீர்ப்பூட்டைப் பொருத்துங்கள். அதன்பின் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. அடர்த்தி 1.005 அளவுக்கு வந்ததும், குழாய் வைத்து மேலிருக்கும் சைடரை வண்டல் கலங்காமல் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். அதிலும் விளிம்புவரை நிரப்ப வேண்டும். காலி இடம் இருந்தால் காற்று இருக்கும். காற்று இருந்தால் மேலே வெள்ளை ஆடை படரும், பிறகு காடியாகும்.

நான் இழந்த முதல் தொட்டி அப்படிப் போனதுதான். 200 லிட்டர் பீப்பாயில் 160 லிட்டர் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை திறந்து சுவைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் மூக்கைத் துளைத்தது. அன்றிலிருந்து பெரிய தொட்டியோடு 5, 10, 25 லிட்டர் கலன்களையும் வைத்திருக்கிறேன். மிச்சம் எவ்வளவு வந்தாலும் ஏதாவது ஒன்று அதனால் நிரம்பும்.

வசந்த காலத்தில் சில சைடர்கள் மறுபடி மெல்லக் குமிழி விடும். சர்க்கரை தீர்ந்த பிறகும் இது நடந்தால் பயப்பட வேண்டாம். பாக்டீரியாக்கள் கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு தணிந்து சைடரின் சுவை முழுமை பெறும்.

குறைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு; வேறு தொட்டிக்கு மாற்றினால் பல சமயம் போய்விடும். எலி நாற்றம் அப்படியல்ல. குடித்தவுடன் தெரியாது, விழுங்கி அரை நிமிடம் கழித்து, எச்சிலின் காரத்தன்மையில் வெளிப்பட்டு நாக்கின் அடியில் நிற்கும். அதை உணரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்கலாம். விற்கும் முன் ஆப்பச் சோடா கரைத்த நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சுவைத்துப் பாருங்கள். கூடவே இன்னும் இரண்டு பேரையும் சுவைக்கச் சொல்லுங்கள். எலி நாற்றம் பிடித்த சைடருக்கு மருந்து கிடையாது. கொட்டிவிடத்தான் வேண்டும்.

பாட்டிலும் பையும்

அடர்த்தி 1.000இல் நின்று, இரண்டு மூன்று வாரம் அசையவில்லை என்று நோட்டு சொன்ன பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். சர்க்கரை மிச்சமிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு பறக்கும். இந்த ஒன்றில் சலுகையே கிடையாது.

வாயு இல்லாத சைடரை பப்களுக்குக் கொடுக்க, அட்டைப் பெட்டிக்குள் பை வைத்த 10 அல்லது 20 லிட்டர் பொதி வசதியானது. ஊற்ற ஊற்றப் பை சுருங்குவதால் காற்று உள்ளே போகாது. மெல்லிய குமிழி வேண்டும் என்றால், முழுக்க நொதித்த சைடரில் லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை சேர்த்துக் கனமான பாட்டிலில் அடைத்துச் சில வாரம் வையுங்கள். ஷாம்பெய்ன் போலக் காளான் வடிவத் தக்கையும் கம்பியும் போட ஆசை வரும். பிரிட்டன் சட்டத்தில் அந்தத் தக்கையோ 3 பார் அழுத்தமோ இருந்தால் அது ஸ்பார்க்ளிங் சைடர், 5.5 சதவீதத்துக்கு மேல் போனால் வரி விகிதமே மாறிவிடும். தக்கை வாங்கும் முன் வரித்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசும் கவுன்சிலும்

1763இல் பிரிட்டன் பிரதமர் பியூட் பிரபுவின் அரசு சைடருக்கு வரி போட்டது. வரி அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைந்து சோதிக்கலாம் என்ற நிலை வந்ததும் மேற்கு மாவட்டங்கள் கொதித்தெழுந்தன. 1766இல் அதை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்றைய சிறு உற்பத்தியாளருக்கு ஒரு நல்ல சலுகை இருக்கிறது. 12 மாதங்களில் 70 ஹெக்டோலிட்டர், அதாவது 7,000 லிட்டருக்கு மேல் போகாமல் சைடர் செய்து விற்பவருக்கு உற்பத்தி அனுமதியும் மதுவரியும் தேவையில்லை என்ற விலக்கு 1976 முதல் நடப்பில் உள்ளது. 2023 ஆகஸ்டில் மதுவரி முறை முழுவதும் மாறியபோதும் அது தொடர்ந்தது. சைடர் என்று சொல்ல ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாறு 35 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. முழுச் சாற்றில் செய்யும் உங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வேறு பழமோ மசாலாவோ சேர்த்தால் அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. தொடங்கும் ஆண்டின் விதிகளை ஹெச்.எம்.ஆர்.சி. வரித்துறையிடம் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பப்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது பற்றியும் அப்போதே கேளுங்கள்.

வரிவிலக்கு இருப்பதால் மற்றவையும் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. உணவுத் தொழிலாக உள்ளூர்க் கவுன்சிலில் 28 நாட்கள் முன்னதாகப் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. சுகாதார அதிகாரி கொட்டகையைப் பார்க்க வருவார். உங்கள் நோட்டை அவரிடம் காட்டுங்கள். பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்க, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடத்துக்கான உரிமமும் தனிநபர் உரிமமும் வேண்டும். எப்போதாவது ஒரு சந்தையில் மட்டும் விற்பதென்றால், 21 பவுண்டு கட்டித் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு கொடுத்தால் போதும். 10 வேலை நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். தனிநபர் உரிமம் இல்லாதவர் ஆண்டுக்கு 5 முறைதான் கொடுக்க முடியும்.

பாட்டில் ஒட்டுத்தாளில் ஆல்கஹால் சதவீதம், அளவு, உங்கள் பெயர் முகவரி, தொகுதி எண் ஆகியவை வேண்டும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பைட் இருந்தால் அதையும் எழுத வேண்டும். சிலருக்கு அது ஒவ்வாமை தருவது. மறைக்கக் கூடாத செய்தி.

வாங்குபவரைத் தேடி

சைடர் என்றால் மலிவான குடி என்ற எண்ணம் பலரிடம் ஊறியிருக்கிறது. பண்ணைக் கூலியில் ஒரு பங்கைச் சைடராகவே அளந்து கொடுத்த நாடு அது. 1887இல் வந்த சட்டம்தான் அதைத் தடைசெய்தது. நீங்கள் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பழம் பொறுக்கி, அரைத்து, ஏழெட்டு மாதம் காத்திருக்கிறீர்கள். தொழிற்சாலை விலையோடு போட்டியிட்டால் தோற்பீர்கள். பழம், பாட்டில், மூடி, ஒட்டுத்தாள், காப்பீடு, உரிமக் கட்டணம், வண்டல் போன பிறகு மிஞ்சும் அளவு, உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டி விலை வையுங்கள். 1,000 லிட்டர் பிழிந்தால் 500 மில்லியில் 2,000 பாட்டில் வராது. 1,800 என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

விவசாயிகள் சந்தையில் கடை போட்டால் சுவைக்கக் கொடுக்காமல் டிரை சைடரை விற்க முடியாது. இனிப்பை எதிர்பார்த்து வருபவர் முதல் வாயில் முகம் சுளிப்பார். ஊற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்: "இதில் இனிப்பு இருக்காது. தேநீர்போலத் துவர்க்கும்." அந்த ஒரு வரிக்குப் பிறகு குடிப்பவர் வேறு மாதிரி குடிக்கிறார், இதை நூறு முறையாவது பார்த்திருக்கிறேன். கூடவே ஒரு துண்டு முற்றிய செடார் பாலாடைக்கட்டி கொடுங்கள். துவர்ப்பு எதற்கு என்று நாக்குக்கே புரியும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள்.

மே மாதத் தொடக்கத்தில் ஹெரிஃபோர்ட்ஷையரின் புட்லி கிராமத்தில் சைடருக்கும், பேரிக்காய்ச் சாற்றில் அதேபோலச் செய்யும் பெர்ரிக்கும் போட்டி நடக்கும். அங்கே நடுவர்கள் சைடர் செய்பவர்கள்தான். விற்கத் தொடங்கும் முன் ஒரு முறை உங்கள் பாட்டிலை அங்கே வையுங்கள். பரிசு கிடைக்காவிட்டாலும், அதே வேலையைச் செய்பவர்கள் உங்கள் சைடரில் எதைக் கண்டார்கள் என்று நேரில் கேட்டறியலாம்.

பப்பைப் பொறுத்தவரை, முதலில் ஒரே ஒரு பப்போடு தொடங்குங்கள். 10 லிட்டர்ப் பொதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, குளிர்ந்த நிலவறையில் வைக்கச் சொல்லி, திறந்த தேதியைப் பெட்டியின் மேல் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து வாடிக்கையாளராகப் போய், காசு கொடுத்து, உங்கள் சைடரில் அரை பைன்ட் வாங்கிக் குடியுங்கள். கொட்டகையில் இருந்த சுவை அங்கேயும் இருந்தால், அடுத்த பொதிக்கு அன்றைக்கே பேசிவிடலாம்.